ஒன்பது இனமா, இருநூற்றைம்பதா?

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் புல்வெளிகளிலும் புதர்ச் சரிவுகளிலும் ஒஃப்ரிஸ் என்றொரு ஆர்க்கிட் பேரினம் வளர்கிறது. பூவின் உதட்டிதழ் பெண் தேனீயின் உடலைப் போல உருண்டு, மயிர் படர்ந்து, நடுவில் பளபளக்கும் ஒரு திட்டோடு இருக்கும். ஆண் தேனீ ஏமாந்து வந்து புணர முயலும், போகும்போது மகரந்தத் திரளைச் சுமந்துகொண்டு போகும். ஆர்க்கிட் பிரியர்களுக்கு இது பழைய கதை. என்னை விடாமல் உறுத்துவது வேறு. இந்தப் பேரினத்தில் மொத்தம் எத்தனை இனங்கள்? ஆர்க்கிட் ஆய்வாளர் பியேர் டெல்ஃபோர்ஜ் 2006-இல் 250-க்குச் சற்று மேல் என்றார். ஹென்ரிக் பெடர்சனும் நீல்ஸ் ஃபௌர்ஹோல்ட்டும் அடுத்த ஆண்டே 19 என்றார்கள். 2018-இல் ரிச்சர்ட் பேட்மன் குழுவினர் டிஎன்ஏவின் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உறுதியாகப் பிரித்துச் சொல்லக்கூடியவை 9 குழுக்கள்தான் என்றார்கள். எட்டாத ஆழ்கடலில் வாழும் ஏதோ ஓர் உயிர் என்றால் இந்தக் குழப்பம் புரியும். ஒஃப்ரிஸ் அப்படியல்ல. தலைமுறை தலைமுறையாகத் தாவரவியலாளர்கள் மண்டியிட்டு உற்றுப் பார்த்த பூ அது. மூன்று தரப்பும் பார்த்தது ஒரே பூக்களை.

வகைப்பாட்டியலில் இதைப் பிரிப்பவர்களுக்கும் சேர்ப்பவர்களுக்கும் இடையிலான சண்டை என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். சிலருக்குப் பிரிக்கப் பிடிக்கும், சிலருக்குச் சேர்க்கப் பிடிக்கும், சுபாவம் அப்படி என்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இனம் என்பது இயற்கையில் உண்மையாகவே இருக்கும் ஒன்று என்றால், எண்ணுபவரின் சுபாவத்தைப் பொறுத்து அதன் எண்ணிக்கை இருபத்தைந்து மடங்குக்கு மேல் மாறக் கூடாது. அது வெறும் வசதிக்காக வைத்த பெயர் என்றால், அந்தப் பெயரை நம்பிச் சட்டம் போடுவதும் புல்வெளிகளுக்கு வேலி கட்டுவதும் எதற்காக? இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமலே நெடுநாள் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையை அசைத்தது ஓர் உலர்தாவரத் தாள்.

தாளில் ஒட்டிய செடி

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் பெரிய ஹெர்பேரியங்கள் பலவும் தங்கள் தாள்களைப் படமெடுத்து யாரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அப்படி ஒரு டாக்டிலோரைசா தாளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுப்பு நிலத்து ஆர்க்கிட். ஊதா நிறம் போய்ப் பழுப்பாகி, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தது. கீழே சேகரித்தவரின் கையெழுத்தில் ஒரு பெயர். அதற்கு மேலே பின்னால் வந்த நிபுணர்கள் ஒட்டிவைத்த சிறு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு. ஒருவர் மாற்றியதை அடுத்தவர் மாற்றியிருந்தார். கடைசிச் சீட்டு முதலில் எழுதிய பெயருக்கே திரும்பியிருந்தது. எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். தாளில் இருந்ததோ ஒரே ஒரு செடி. அவர்கள் கேட்ட கேள்விக்கான விடை அந்தத் தாளில் இருக்கவே வழியில்லை என்று அப்போது தோன்றியது. இந்த உதட்டிதழ் அகலமா, குறுகலா என்று ஒரு செடியைப் பார்த்து எப்படிச் சொல்வது? எதைவிட அகலம்? அது வளர்ந்த இடத்தில் பக்கத்தில் நின்ற செடிகளெல்லாம் எப்படி இருந்தன? அவற்றை யாரும் பறிக்கவில்லை. பறிக்காமல் விட்டதும் நல்லதுதான், ஆனால் அளந்துகூட வைக்கவில்லை.

வகைமாதிரி என்ற ஏற்பாடு இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. ஒரு தாவரத்துக்குப் புதுப் பெயர் சூட்டினால், அந்தப் பெயருக்குரிய மாதிரி இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். 1958 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். விதி நல்ல விதி. இரண்டு பேர் ஒரே பெயரை இரண்டு செடிகளுக்குப் பயன்படுத்தினால் தீர்த்துவைக்க ஓர் ஆதாரம் வேண்டும் அல்லவா? ஆனால் அந்த மாதிரி பெயரைப் பிடித்துவைக்கும் முளைக்குச்சி மட்டுமே. அந்த இனத்தின் சராசரி உருவம் அது என்று விதியில் எங்கும் இல்லை. சேகரிப்பவர் கண்ணில் பட்ட மிகப் பெரிய செடியாகவோ, மழை பொய்த்த ஆண்டில் குன்றிப்போன செடியாகவோ அது இருக்கலாம். நடைமுறையில் பலரும் அந்த ஒற்றை மாதிரியை இனத்தின் முகமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தன் கையிலுள்ள செடி அதைப் போல இல்லை என்றவுடன் புதுப் பெயர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

மாதிரியைப் பார்க்கவே முடியாமல் போனால் இன்னும் மோசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் ஆர்க்கிட் அறிஞர்களில் ஒருவரான ஹைன்ரிக் குஸ்டாவ் ரைஷன்பாக் 1889-இல் இறந்தபோது, தன் தொகுப்பை வியன்னா அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். 25 ஆண்டுகளுக்கு யாரும் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் பெயர் சூட்டிய செடிகளின் மாதிரிகள் கால் நூற்றாண்டு பூட்டிய பெட்டிகளுக்குள் கிடந்தன. ஆர்க்கிட் மோகம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. வெளியில் இருந்தவர்கள் அதே செடிகளுக்கு மறுபடி பெயர் வைத்தார்கள்.

ஒரே தண்டில் மூன்று பேரினங்கள்

ஒற்றை மாதிரியை நம்புவதன் ஆபத்துக்கு கேட்டசீட்டத்தைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஆர்க்கிட் வகைப்பாட்டின் தந்தை என்றே சொல்லத்தக்க ஜான் லிண்ட்லியின் காலத்தில், தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடிகளைப் பார்த்து கேட்டசீட்டம், மோனகாந்தஸ், மயாந்தஸ் என்று மூன்று பேரினங்களை வைத்திருந்தார்கள். மூன்று இனங்கள் என்றால்கூடப் பரவாயில்லை, மூன்று பேரினங்கள். பூக்களைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் பிரிப்பார்கள். ஒன்றில் தொட்டவுடன் மகரந்தத் திரளை விசிறியடிக்கும் கொம்புகள் உண்டு. இன்னொன்று தலைகீழாகக் கவிழ்த்த குல்லாய் போலத் தடித்துப் பச்சையாக இருக்கும். அப்புறம் ஒரு நாள் கயானாவில் பயணம் செய்த ராபர்ட் ஷோம்பர்க் அனுப்பிய செய்தி வந்தது. இந்த மூன்று பூக்களும் ஒரே செடியில் பூத்திருக்கின்றன. இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். எசக்கிபோ ஆற்றங்கரைகளில் நூற்றுக்கணக்கில் பார்த்த கேட்டசீட்டம் ஒன்றிலும் காய் இல்லை. மோனகாந்தஸ் செடிகளில் பெரிய பெரிய காய்கள்.

இதுபோன்ற நிகழ்வுகள் பேரினங்களும் இனங்களும் நிலையானவை என்ற நம் எண்ணத்தின் அடித்தளத்தையே ஆட்டுகின்றன என்று லிண்ட்லி எழுதினார். தான் வாழ்நாள் முழுக்கக் கட்டிய கட்டடத்தைப் பற்றி அவர் இப்படி எழுதியதை நினைத்தால் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. விடையைச் சொன்னவர் சார்லஸ் டார்வின், 1862-இல். கேட்டசீட்டம் ஆண் பூ, மோனகாந்தஸ் அதே இனத்தின் பெண் பூ. மயாந்தஸ் இருபால் பூவாக இருக்கலாம் என்று அவர் எண்ணியது மட்டும் பின்னாளில் திருத்தப்பட்டது. அது இன்னோர் இனத்தின் ஆண் பூ. செடிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைப் பொறுத்தும் ஆண் பூவா பெண் பூவா என்பது மாறும் என்று இன்று தெரியும். வெயில் நிறைய விழும் செடியில் பெண் பூவுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு செடிக்குள் இருக்கும் வேறுபாடு இரண்டு பேரினங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்க முடியும் என்பதை இதைவிட உரக்க எதுவும் சொல்லாது. காய் இருக்கிறதா என்று நின்று கவனித்தவரால்தான் இது வெளிவந்தது. தாளில் ஒட்டிய பூவை நூறாண்டு பார்த்திருந்தாலும் வந்திருக்காது.

எல்லைக்கோடு விழுந்த இடம்

ஐரோப்பாவில் தாவரக் கள ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரிடம் அந்தச் சீட்டுகள் ஒட்டிய தாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு கோப்பு நிறையப் படங்கள் அனுப்பினார். ஒரே சதுப்பு நிலத்தில் நின்ற டாக்டிலோரைசாக்கள். அழகான செடியைத் தேடி எடுத்த படங்கள் அல்ல. ஒரு நாடாவை நேராக விரித்து, ஒவ்வொரு மீட்டர் குறிக்கும் மிக அருகில் நின்ற செடியை, அது எப்படி இருந்தாலும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்திருந்தார். பூச்சி அரித்தது, கால்பட்டுச் சாய்ந்தது, இரண்டே இரண்டு பூ விட்டது, எல்லாம் அதில் இருந்தன. ‘பெயர் சொல்ல வேண்டாம், அளந்து மட்டும் பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பகுதியில் இரண்டு இனங்கள் உண்டு என்று கையேடு சொல்கிறது. உதட்டிதழின் அகலத்தில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஒன்று, மேலே இருந்தால் மற்றொன்று.

திரையில் அளக்கத் தொடங்கினேன். முதலில் தடுமாற வைத்தது ஒரே தண்டில் இருந்த வேறுபாடு. டாக்டிலோரைசாவில் பூக்கள் கீழிருந்து மேலாக மலரும், மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். அடிப்பூவையும் நுனிப்பூவையும் தனித்தனியாகக் கொடுத்தால், பல செடிகளில் அடிப்பூ ஒரு பெயருக்கும் நுனிப்பூ இன்னொரு பெயருக்கும் போயிற்று. ஆகவே எந்தப் பூவை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, எல்லாச் செடியிலும் அதே இடத்துப் பூவையே அளக்க வேண்டும். 1980களில் பேட்மனும் இயன் டென்ஹோமும் பிரிட்டனின் டாக்டிலோரைசாக்களை அளந்த முறையைப் படிக்கும்போது, இந்தக் கறார் எதற்கு என்று நான் யோசித்ததுண்டு. ஒரு செடிக்கூட்டத்தில் பல செடிகள், ஒவ்வொரு செடியிலும் தண்டின் உயரம் முதல் இலைப்புள்ளி வரை டஜன்கணக்கான பண்புகள், உதட்டிதழை மட்டும் கிள்ளி எடுத்து ஒட்டித் தட்டையாக்கி அளப்பது, நிறத்தைக்கூட அட்டையோடு ஒப்பிட்டு எண்ணாக்குவது. அளந்து பார்க்கும்போதுதான் அதன் நியாயம் தெரிகிறது.

எல்லா அளவுகளும் முடிந்ததும் அகலத்தை வைத்து ஒரு வரைபடம் போட்டேன். இரண்டு இனங்கள் இருந்தால் இரண்டு மேடுகள் வர வேண்டும், நடுவில் ஒரு பள்ளம். ஒரே மேடுதான் வந்தது. அதில் கையேட்டின் எல்லைக்கோட்டை வரைந்தேன். அது விழுந்த இடம் மேட்டின் உச்சி. அந்தச் சதுப்பு நிலத்தில் மிக அதிகமாக இருந்த அளவு எதுவோ, அதன் நடுவில்தான் கையேடு இரண்டு இனங்களுக்கும் வேலி போட்டிருந்தது. அந்த வேலியின் இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒரு செடியைப் பறித்து இரண்டு தாள்களில் ஒட்டினால், இரண்டு நிபுணர்களும் இரண்டு பெயர்களை மனசாட்சியோடு எழுதுவார்கள். அந்தச் சீட்டுகளின் வரலாறு முழுவதும் எனக்கு விளங்கியது இந்த ஒரு படத்தில்தான். 9-க்கும் 250-க்கும் இடையிலான தூரத்தைச் சுபாவத்தின் கணக்கில் எழுதியது ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்தது. இரண்டு உருவங்கள் வேறாக இருக்கின்றனவா என்று பார்த்தால், எந்த இரண்டு செடியும் வேறாகத்தான் இருக்கும். அவற்றின் நடுவே இருக்க வேண்டிய செடிகள் இயற்கையில் இல்லாமல் இருக்கின்றனவா? இப்படிக் கேட்டால், விடை சுபாவத்தைப் பொறுத்தது அல்ல. போய் எண்ணலாம்.

ஒரே அளவை வைத்து அப்படி எண்ணிவிடவும் முடியாது. இதற்கு ஆர்க்கிட்டை விட்டு ஐரிஸ் என்ற பூச்செடிக்குப் போக வேண்டும். புள்ளியியல் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தொட்ட ஐரிஸ் தரவு, எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் இதே கேள்வியோடு வயலில் இறங்கி அளந்தது. மூன்று இனங்கள், இனத்துக்கு 50 பூக்கள், பூவுக்கு நான்கு அளவுகள். மூன்றில் இரண்டு இனங்களை கியூபெக்கின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளில், ஒரே கருவியால் அளந்தார். 1936-இல் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் அந்த எண்களைக் கையில் எடுத்தார். செட்டோசா என்ற இனத்தின் அல்லியிதழ் நீளம் 1 முதல் 1.9 செ.மீ., வெர்சிகலருக்கு 3 முதல் 5.1 வரை. இங்கே பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. வெர்ஜினிகாவுக்கு 4.5 முதல் 6.9 வரை. இது வெர்சிகலரின் எல்லைக்குள் நுழைகிறது. நான்கு அளவுகளில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்தாலும் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய முழுமையாகப் பிரிந்துவிடும். ஆகவே ஓர் அளவில் பள்ளம் இல்லை என்பதாலேயே ஓரினம் என்று முடிவுகட்டுவது, ஒரு பூவைப் பார்த்து ஈரினம் என்பதற்குச் சமமான அவசரம். நண்பரின் படங்களில் மற்றப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தேன். பள்ளம் வரவில்லை. அந்த ஒரு சதுப்பு நிலத்தைப் பற்றி மட்டும் இதைச் சொல்கிறேன்.

வேறுபாடு செய்யும் வேலை

அளந்தால் போதுமா என்றால் போதாது. செடி எந்த மண்ணில் நின்றது, எவ்வளவு நீர் கிடைத்தது என்பதும் உருவத்தில் ஏறும். இதைப் பிரித்தறிய 1922-இல் ஸ்வீடனில் யோட்டே டூரெசனும், 1940 வாக்கில் கலிஃபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி மூவரும் செய்தது எளிய காரியம். வெவ்வேறு இடத்துச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்ப்பது. கலிஃபோர்னியர்கள் ஒரு செடியையே துண்டாக்கிக் கடலோரத்திலும் மலைநடுவிலும் 3000 மீட்டர் உயரத்திலும் நட்டார்கள். எது மண்ணின் வேலை, எது பிறவியிலேயே வந்தது என்று அப்போது தெரிந்துவிடும். ஆர்க்கிட்டுக்கு இதைச் செய்வது கடினம். அதன் விதை தூசி, உள்ளே உணவே கிடையாது. பூஞ்சையின் உதவி இல்லாமல் காட்டில் முளைக்காது என்பதை 1899-இல் நோயல் பெர்னார்டு கண்டார். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டினார். முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள். ஆர்க்கிட் வகைப்பாடு இன்றும் பெரும்பாலும் காட்டில் அளந்த அளவுகளையும் டிஎன்ஏவையும் நம்பி நடப்பதற்கு இந்தத் தூசி விதையும் ஒரு காரணம்.

வேறுபாடு என்பதை வகைப்பாட்டுக்கு இடைஞ்சல் செய்யும் இரைச்சலாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு ஒப்பாதது. டாக்டிலோரைசா சாம்புசினாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புல்வெளியில் மஞ்சள் பூச்செடியும் ஊதா பூச்செடியும் கலந்து நிற்கும். நிறத்தைப் பார்த்துப் பெயர் சூட்டுபவருக்கு அது இரண்டு. இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டுத்தேனீ மஞ்சளில் ஏமாந்தால் அடுத்து ஊதாவைத் தேடிப் போகும், அங்கும் ஏமாந்தால் திரும்ப மஞ்சளுக்கு வரும். எந்த நிறம் குறைவாக இருக்கிறதோ அதற்கு ஒரு செடிக்கான வருகை கூடும். 2001-இல் ஜிகோர்டு, மேக்நேர், ஸ்மித்சன் மூவரும் இரண்டு நிறங்களின் விகிதத்தை மாற்றி மாற்றி வைத்து இதை நிரூபித்தார்கள். இரண்டு நிறமும் இருப்பதுதான் அந்த இனம் வாழும் முறை. அதை நிறத்தால் இரண்டாகப் பிரிப்பவர் அந்த இனத்தின் வாழ்க்கையையே வெட்டுகிறார். இதற்கு எதிர்த்திசையில் நிற்பது ஒஃப்ரிஸ் அபிஃபெரா. வட ஐரோப்பாவில் அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது. கூரான உதட்டிதழோடு எப்போதோ ஒன்று பிறந்தால், அந்தக் கோணல் அப்படியே சந்ததிக்குப் போய் ஓரிடத்தில் பத்துச் செடி ஒரே அச்சாக நிற்கும். ‘ட்ராலி’ என்று பெயர் வாங்கிய வடிவம் அப்படிப்பட்டதுதான். மாறாமல் இருப்பதை இனத்தின் அடையாளமாகக் கொள்பவர்கள் இந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொள்வார்கள்.

பிரிப்பவர்கள் பக்கமும் கனமான சான்று இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. ஆஸ்திரேலியாவின் கைலோகிளாட்டிஸ் ஆர்க்கிட்டுகள் ஆண் குளவிகளை ஏமாற்றுபவை. பெண் குளவி வெளிவிடும் அதே வேதிப்பொருளைப் பூவும் வெளிவிடுகிறது என்பது 2003-இல் உறுதியானது. ஒரே இடத்தில் நிற்கும், கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் இரண்டு கைலோகிளாட்டிஸ் வடிவங்களை ராட் பீக்கால், மைக்கேல் வைட்ஹெட் இருவரும் 2014-இல் ஆராய்ந்தபோது, வாசனை வேறு, வரும் குளவி வேறு, மகரந்தப் பரிமாற்றம் இல்லை என்று தெரிந்தது. அங்கே எவ்வளவு நுட்பமாக உதட்டிதழை அளந்தாலும் பள்ளம் தெரியாது. குளவிக்கு மட்டும் தெரியும். ஒஃப்ரிஸை 250 ஆக்கியவர்களின் வாதமும் இதேதான், பூவுக்கு ஒரு தேனீ, தேனீக்கு ஓர் இனம். வாதம் அழகானது. ஆனால் கைலோகிளாட்டிஸில் யாரோ குளவிகளைக் கொண்டு சோதித்து, வேதிப்பொருளைப் பிரித்து, மரபணுவைச் சோதித்துச் சொன்னதை, ஒஃப்ரிஸில் பல பெயர்களுக்கு யாரும் செய்யவில்லை. ஒரு பூவில் ஒரு தேனீயைப் பார்த்த குறிப்பு மட்டும் இருக்கும். அடுத்த பூவுக்கும் அதே தேனீ வந்ததா, வேறு தேனீ வந்ததா என்று பார்த்திருக்க மாட்டார்கள். பேட்மன் குழுவினர் டிஎன்ஏவில் தேடியபோது, 9 குழுக்களுக்குள்ளே கறாரான வேலிகள் தட்டுப்படவில்லை. என் மனம் இன்று 9-க்கும் 19-க்கும் பக்கத்தில்தான் நிற்கிறது. 250-இல் சில, தகுந்த சோதனை செய்தால், இனங்களாகத் தேறலாம். மற்றவற்றுக்கு உள்ளினம், வகை என்ற படிகள் இருக்கின்றன.

எந்த முறைக்கும் அடங்காமல் நிற்பவை நான்மடிய டாக்டிலோரைசாக்கள், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு குரோமோசோம் தொகுதிகள் கொண்டவை. ஃபுக்ஸியை, இன்கார்னேட்டா என்ற இரண்டு இனங்களுக்கும் குரோமோசோம் 40. அவை கலந்து, குரோமோசோம் இரட்டித்து 80 ஆகும்போது, பெற்றோரோடு எளிதில் கலக்காத புதுச் செடி ஒரே தாவலில் பிறந்துவிடுகிறது. இது ஒரு முறை மட்டும் நடக்கவில்லை. மஜாலிஸ், டிரான்ஸ்டைனெரி போன்றவை இதே இரண்டு பெற்றோர் வழியிலிருந்து வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகத் தோன்றியவை. தூரத்தூர இடங்களில் தனித்தனியாகப் பிறந்து ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கூட்டங்கள் ஓரினமா? 2010-இல் ஒவிடியு பௌன் குழுவினர், இந்த உடன்பிறப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு டிஎன்ஏவின் எழுத்துகளில் இல்லாமல், எந்த மரபணு விழிப்பது, எது உறங்குவது என்ற குறியீட்டில் இருப்பதாகவும், அது வாழிடத்தின் நீர், தட்பவெப்பத்தோடு ஒத்துப்போவதாகவும் காட்டினார்கள். பொது மூதாதை என்ற அளவுகோல் இங்கே தடுமாறுகிறது, தோற்றம் என்ற அளவுகோலும் தடுமாறுகிறது. தனித்தனியாகப் பிறந்தாலும் சந்திக்கும் இடத்தில் தடையின்றிக் கலந்துகொள்கின்றனவா என்று பார்த்து முடிவெடுப்பதே நேர்மை என்று எனக்குப் படுகிறது.

பெயரைத் தொட்டு நிற்கும் செடிகள்

இதெல்லாம் பெயர் வைப்பவர்களின் உள்விவகாரம் என்று நினைக்க முடியாது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், ஏறத்தாழ 28,000 இனங்கள், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இனங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆர்க்கிட்டுகள். எதைப் பாதுகாப்பது என்ற முடிவு பெயரைத் தொட்டுத்தான் எடுக்கப்படுகிறது. ஒரே ஒரு குன்றில் மட்டும் இருக்கும் புது இனம் என்று எழுதினால் அந்தக் குன்றுக்கு உடனே கவனமும் பணமும் வரும். பின்னால் அந்த இனம் கரைந்துபோனால் குன்றும் கைவிடப்படும். பிரிக்கத் தவறினாலும் இழப்புதான். பரவலாக இருக்கிறது, கவலையில்லை என்று குறித்த இனத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கைலோகிளாட்டிஸ், யாரும் பெயர் சொல்லும் முன்பே போய்விடலாம். ஆகவே புது இனம் எழுதுபவரிடமும் பழைய இனத்தை விழுங்குபவரிடமும் நான் ஒரே ஆதாரத்தைக் கேட்பேன். எத்தனை செடிக்கூட்டங்கள், கூட்டத்துக்கு எத்தனை செடிகள், சராசரி என்ன, இரண்டு ஓரங்களும் எங்கே, அண்டை இனத்தின் அதே எண்கள் என்ன. இவை இல்லாத விவரிப்பு எவ்வளவு அழகான படத்தோடு வந்தாலும் எனக்கு அது முடிவு அல்ல, முன்மொழிவு.

தொழில்முறை ஆய்வாளர்கள் மட்டும் இதைத் திரட்டிவிட முடியாது. நம்மைப் போன்றவர்கள் எடுக்கும் படங்கள் லட்சக்கணக்கில் சேர்கின்றன. ஆனால் வெள்ளைப் பூ, இரட்டை உதடு, ராட்சசச் செடி என்று விசித்திரமானதையே எல்லோரும் தேடித் தேடி எடுக்கிறோம். அளவுகோல் வைத்த படம் அபூர்வம். விசித்திரங்களை மட்டும் சேர்த்தால் ஓரங்கள் தெரியும், மேடு தெரியாது. பறிக்கத் தேவையில்லை. நாடாவை விரித்து, குறிக்கு அருகில் நிற்பதை எடுத்தால் போதும். எல்லாச் செடியிலும் தண்டில் ஒரே இடத்துப் பூ, நேராக முன்னிருந்து ஒரு படம், பூவின் பின்னால் நீளும் குழல் தெரியப் பக்கவாட்டில் ஒரு படம், இலைகளுக்கு ஒன்று. வெள்ளைப் பூச்செடி குறிக்கு அருகில் நின்றால் கணக்கில் வரும். நான்கு அடி தள்ளி நின்றால், ரசித்துவிட்டு வரலாம், கணக்கில் சேராது.

நண்பர் இப்போது அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து இரண்டாவது கோப்பை அனுப்பியிருக்கிறார். அங்கே இருப்பது அந்த மற்றொரு பெயர் மட்டும்தான் என்கிறது கையேடு. பாதி அளந்திருக்கிறேன். உதட்டிதழின் அகலம் முதல் கூட்டத்தின் மேட்டின்மேலேயே வந்து உட்காருகிறது. பின்குழலின் தடிமன் மட்டும் இதுவரை கொஞ்சம் விலகி நிற்கிறது. மீதிச் செடிகளையும் அளந்த பிறகும் அது விலகியே நின்றால், இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவிலுள்ள ஈரநிலத்தில் நாடாவை விரிக்கும்படி அவரைக் கேட்கப்போகிறேன். நடுவளவுச் செடிகள் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும்.